ஏழுமலைக்கு விழுந்த ஐந்தாவது சொல்

உங்கள் கணினியில் மாதாந்திர அறிக்கையைத் திறந்தால், கடைசிப் பத்தியில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். சின்னக் கட்டம். ஒரு சொல் எழுதலாம், நெருக்கினால் இரண்டு. யார்டு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் அதைச் சட்டென்று நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். நானும் அப்படித்தான் போனேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஒரு சொல், அறுபதடி உயரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைக் கீழே இறக்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதி வைப்பவன். எந்த நாளில் எந்த கிரேன் பழுதானது, எந்த மழையில் கேட் முன்னால் தண்ணீர் நின்றது என்று கேட்டால் டைரியைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தின் தேதியும் இருக்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் வேலையில் இருப்பதால் வருடத்தைச் சொல்லாமல் விடுகிறேன். விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முகக்கவசங்களை எல்லோரும் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மறந்துபோயிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

நம்முடைய கன்டெய்னர் யார்டு அப்போதும் விம்கோ நகர் தாண்டி இதே இடத்தில்தான் இருந்தது. ஐந்து கிரேன்கள், பகல் ஷிப்டுக்கு ஐந்து ஆபரேட்டர்கள். மாதக் கடைசியில் ஒவ்வொரு ஆபரேட்டரும் மணிக்கு எத்தனை பெட்டி தூக்கினார் என்று கணக்கெடுத்து, பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். ஐந்து பேருக்கும் எண்ணிக்கை ஒருநாள் இருபது இருக்கும், மறுநாள் ஏழு இருக்கும். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. டிரெய்லர் வந்தால் பெட்டி தூக்குவார்கள், வராவிட்டால் கேபினில் உட்கார்ந்திருப்பார்கள். டிரெய்லர் வருவதும் வராததும் எண்ணூர் சாலை நெரிசலின் கையில் இருந்தது. ஆகவே ஐந்து பேருக்கும் 'வேரியபிள்' என்று எழுதினேன். மாறக்கூடியது. சரியான சொல். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அறிக்கை மேனேஜரிடம் போனது. என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். ஒரே கவலை, தலைமை அலுவலகம் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதுதான்.

"என்ன சார் இது, ஸ்ரீராமஜெயம் எழுதின நோட்டு மாதிரி இருக்கு?" என்றார். "ஒரே வார்த்தை அஞ்சு தடவை. நாம ஏதோ காப்பி பேஸ்ட் பண்ணினதா நினைப்பாங்க. நீங்க இவ்வளவு புஸ்தகம் படிக்கிறவரு. கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுங்களேன்."

புத்தகம் படிக்கிறவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மேசைக்குத் திரும்பி, ஒன்றாம் எண் கிரேனிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றுக்கு வேரியபிள். இரண்டுக்கு சேஞ்சபிள். மூன்றுக்கு ஃப்ளக்சுவேட்டிங். நான்குக்கு எர்ராட்டிக். ஐந்தாவது வரும்போது எனக்கு உற்சாகமாகிவிட்டது. கடைசியில் ஒரு நல்ல சொல்லாக வைத்து முடிக்க வேண்டும் என்று தோன்றியது. வாலடைல் என்று எழுதினேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

இந்த ஐந்து சொற்களும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவை. ஆனால் ஒவ்வொன்றும் வேலைக்குப் போகிற இடம் வேறு. வேரியபிள் என்பதைக் காற்றுக்குச் சொல்வார்கள், வானிலை அறிக்கையில் கேட்டிருப்பீர்கள். சேஞ்சபிள் மழை வருமா வராதா என்று தெரியாத நாளுக்கு. ஃப்ளக்சுவேட்டிங் தக்காளி விலைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும். எர்ராட்டிக் எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்கு. வாலடைல் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் கல் பறக்கப்போகிற தெருவுக்கும், எப்போது கையை ஓங்குவார் என்று தெரியாத ஆளுக்கும். தமிழிலும் இதே கதைதான். மாறுகிற, ஏறி இறங்குகிற, தடுமாறுகிற, அலைபாய்கிற, நிலைகொள்ளாத என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அதற்காகக் கரண்ட் ஆபீசுக்குப் போய் "எங்க வீட்டில் மின்சாரம் அலைபாய்கிறது" என்று யாரும் புகார் கொடுப்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதுதான் இன்னும் கேவலம்.

ஐந்தாம் எண் கிரேனில் இருந்தவர் ஏழுமலை. நெட்டுக்குப்பத்துக்காரர், மீனவக் குடும்பம். அந்த வருடத்தோடு பதினோரு வருடம் அதே கேபின். அவரைப் போல நிதானமான ஆளை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஒரு நாள் டிரெய்லர் டிரைவர் ஒருவர், பெட்டி வைப்பதில் ஏதோ தாமதம் என்று வாக்கிடாக்கியில் ஏழுமலையின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். யார்டு முழுக்கக் கேட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஏழுமலையின் குரல் மேலிருந்து மெதுவாக வந்தது.

"முடிச்சிட்டியா நைனா? இப்ப கொஞ்சம் பின்னால எடு."

இவருக்குத்தான் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் இரண்டாவது திங்கள்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து என் ஐந்து சொற்களையும் ஆட்களின் குணம் என்று எடுத்துக்கொண்டு தரவரிசை ஆக்கியிருந்தார். அழகான அட்டவணை. வேரியபிள் பச்சை. சேஞ்சபிள் இளம்பச்சை. ஃப்ளக்சுவேட்டிங் மஞ்சள். எர்ராட்டிக் ஆரஞ்சு. வாலடைல் சிவப்பு. கீழே ஏழுமலையின் பெயரைப் போட்டு உத்தரவு: உடனடியாக உயரமான இயந்திரத்திலிருந்து இறக்க வேண்டும். ஆறு வாரம் மன ஒழுங்குப் பயிற்சி. யார்டு அலுவலகம் வாராவாரம் அவதானிப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறாவது வாரம் முடிவில் சீராகாவிட்டால் நிரந்தரமாகத் தரை வேலை, கேபின் வேறு ஒருவருக்கு.

நான் மேனேஜரின் அறைக்கு ஓடினேன். "சார், அது சும்மா மாத்திப் போட்ட வார்த்தை. நீங்கதான் சொன்னீங்க. போன் பண்ணிச் சொல்லிடலாம்."

அவர் கதவைச் சாத்தினார். "அஞ்சு பேருக்கும் ஒண்ணுதான்னு இப்ப சொன்னா, போன வருஷ ரிப்போர்ட் எல்லாம் என்னன்னு கேப்பாங்க சார். அதுக்கு முந்தின வருஷம்? நீங்க ரிட்டயர் ஆகிப் போயிடுவீங்க. நான் எங்க போறது? ஆறு வாரம்தானே. நல்லபடியா எழுதி மேல ஏத்திடுவோம்."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னது மேனேஜர்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை கேட்டுவிட்டுச் சிரித்தார். ஏதோ ஆள் மாற்றம் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார்கள், டிரெய்லர்களுக்கு வழி காட்ட. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மேலே தன் கேபினைப் பார்த்தார். அங்கே வேறு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்.

ஏழுமலை முதலில் என்னிடம்தான் வந்தார்.

"சார், இன்னா எழுதிகீறாங்க என்னப் பத்தி? கோவக்காரன்றாங்களே. நான் யார்கிட்ட கோவப்பட்டேன்?"

"பார்க்கிறேன் ஏழுமலை. சரி பண்ணிடலாம்."

"கீழ இருந்தா எனுக்கு மூச்சு முட்டுது சார். மேல காத்து இருக்கும். ஆத்துவாயி தெரியும், எங்க ஆளுங்க படகு போவறது தெரியும். இங்க டயரு தவர வேற ஒண்ணும் தெரில."

"ஆறு வாரம் பொறுத்துக்கங்க."

"பொறுத்துக்கறேன் சார். நான் இன்னா கோவக்காரனா?"

பயிற்சி என்பது வீடியோ கால். வாரம் இரண்டு நாள், ஸ்டோர் ரூமில் ஒரு பழைய கணினி முன்னால் ஏழுமலை உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு குரல் சொல்வதைக் கேட்டு மூச்சை இழுத்து விட வேண்டும். ஏதாவது ஒரு அமைதியான இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று அந்தக் குரல் சொன்னதாம். ஏழுமலை தன் கேபினைக் கற்பனை செய்துகொண்டார். கண்ணைத் திறந்தால் ஸ்டோர் ரூம்.

இதற்கிடையில் யார்டு தன் பங்குக்கு முன்னெச்சரிக்கைகள் எடுத்தது. அவர் லாக்கரிலிருந்து சுத்தியலையும் பெரிய ஸ்பானரையும் எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். கேன்டீனில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், ஏழுமலைக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டில் செக்யூரிட்டி எல்லோரையும் தடவிப் பார்த்து அனுப்புவார், இவர் வந்தால் இரண்டடி தள்ளி நின்று சல்யூட் அடித்தார். அவர் பேசினால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அவர் "இன்னிக்கு புதன்தானே" என்று கேட்டார். அன்று செவ்வாய். மூன்று பேர் ஒரே குரலில் "ஆமாண்ணே, புதன்" என்றார்கள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை" என்றேன். மேசைக்கு அடியில் யாரோ என் காலை மிதித்தார்கள்.

எல்லாவற்றையும்விட அவரைக் குத்தியது டில்லி. டில்லிபாபு ஒன்றாம் எண் கிரேன், அதாவது பச்சை. வாயாடி. எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவன். பச்சைக் கட்டத்தில் தன் பெயர் இருந்ததை போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான்.

"இன்னா மாமு, இன்னிக்கு டெம்பர் எப்டி கீது?" என்று தினமும் கேட்பான். "எதுனா பேஜாருன்னா சொல்லு, நான் கொஞ்சம் தள்ளி நிக்கறேன். நான் பச்ச, நீ செவப்பு. சிக்னல்ல கூட நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா எரிய முடியாது."

"போடா வேலையப் பாரு."

"பாத்தியா, 'போடா'ன்ட்டான்! எல்லாரும் கேட்டுக்குங்கோ!"

இனி என் வேலையைச் சொல்கிறேன். முதல் வார அறிக்கையில் வாலடைல் என்றே எழுதினேன், உடனே மாற்றினால் சந்தேகம் வரும் என்று மேனேஜர் சொன்னதால். இரண்டாவது வாரம் எர்ராட்டிக் என்று எழுதினேன். மூன்றாவது வாரம் ஃப்ளக்சுவேட்டிங். புரிகிறதா? ஏறிய படியிலேயே இறங்கினேன், வாரத்துக்கு ஒரு படி. சிவப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. தலைமை அலுவலகத்தில் மனிதவளப் பிரிவை நடத்திய மேடம் ஒவ்வொரு வாரமும் பதில் போட்டார். முதலில் 'நன்று'. அடுத்து 'மிக நன்று'. மூன்றாவது வாரம் ஆச்சரியக்குறியோடு வந்தது. நான்காவது வாரம், இந்தப் பயிற்சியை மற்ற யார்டுகளிலும் தொடங்குவது பற்றி யோசிப்பதாக எழுதியிருந்தார்.

காகிதத்தில் ஏழுமலை இப்படிக் குணமாகிக்கொண்டிருந்தபோது, கண்ணெதிரே இருந்த ஏழுமலை கெட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாவது வாரம் ஸ்டோர் ரூம் கதவை ஓங்கிச் சாத்தினார். நான்காவது வாரம் காலி டிரம் ஒன்றை உதைத்தார், அது உருண்டு போய் மேனேஜர் காரின் டயரில் முட்டி நின்றது. நான் அந்த வாரம் 'சேஞ்சபிள்' என்று எழுதினேன். இளம்பச்சை.

அந்த வியாழக்கிழமை மதியம் அவர் மனைவி கஸ்தூரி யார்டு ஆபீசுக்கு வந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு, கூடையை கேட்டில் வைத்துவிட்டு நேராக உள்ளே வந்துவிட்டார். செக்யூரிட்டிக்கு அவரைத் தடுக்கத் தைரியம் இல்லை. சிவப்புக்காரரின் மனைவி.

"எங்க வூட்டு ஆளு கோவக்காரன்னு எழுதினது யாரு?"

மேனேஜர் எழுந்து நின்றார். "உக்காருங்கம்மா."

"நான் உக்கார வரல. பதினெட்டு வருசமா நான் அந்த ஆளுகிட்ட கத்திகினு கீறேன். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி திருப்பிப் பேசினதில்ல. பதில் பேசுய்யா பதில் பேசுய்யான்னு நானே கெஞ்சிகீறேன். நேத்து கொழம்புல உப்பு இல்லன்னு சொல்றாரு சார்! தட்ட தள்ளி வுட்டு எழுந்து போறாரு!"

"உப்பு இருந்ததாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"இல்ல. அது வேற விசயம்." கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனுக்கு மொதல்ல ஒரு நிமிசம் சந்தோசமாத்தான் இருந்திச்சி, பொய் சொல்லல. அப்பறம் பாத்தா பின்னால போயி உக்காந்துகினு கீறாரு. மூஞ்சி செத்துப் போச்சி சார். அந்தக் கேபின வுட்டா அந்த ஆளுக்கு வேற ஒண்ணும் இல்ல. கடல்ல போறத வுட்டுட்டு இதுக்கு வந்த ஆளு. எந்த மகராசன் எழுதினான்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கேக்கத்தான்."

நான் நான்கடி தூரத்தில் இருந்தேன். கையில் பேனா இருந்தது. மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, அவ்வளவு நல்லவர். "மேலிடத்து முடிவும்மா" என்றார். நான் ஃபைலைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் லீவு லெட்டர்கள்.

ஐந்தாவது வாரம் ஏழுமலை கேன்டீனில் பேப்பர் கப்பைத் தரையில் ஓங்கி அடித்தார். அது உடையவில்லை. சத்தம்கூட வரவில்லை. ஒரு தடவை குதித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதுதான் அவருக்கு இன்னும் கோபம். "ஒரு கிளாஸு குடுக்க மாட்டீங்களாடா!" என்று கத்தினார். அந்த வாரம் நான் எழுதிய சொல் வேரியபிள். பச்சை. டில்லியும் அவரும் இப்போது ஒரே நிறம்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேடம் நேரில் வந்தார். ஷெட்டுக்கு முன்னால் சாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ஒரு மேசை மேல் கண்ணாடி பிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று, மைசூர் பாகு டப்பா ஒன்று. வேலையை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கஸ்தூரியையும் வரச் சொல்லியிருந்தார்கள், குடும்பத்தின் பங்கும் முக்கியம் என்று. கடைசி அறிக்கையை அன்று காலை நான் கொடுத்திருந்தேன். அதில் இருந்த சொல் 'ஸ்டெடி'.

மேடம் நல்லவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கையை நம்பியதைத் தவிர அவர் ஒரு தவறும் செய்யவில்லை. ஏழுமலையை மேசைக்கு அழைத்து, கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டினார். "இதில் கையெழுத்துப் போட்டுட்டா இன்னைக்கே நீங்க மேல போகலாம்."

ஏழுமலை தாளை டில்லியிடம் கொடுத்தார். "இன்னா எழுதிகீது, தமிழ்ல சொல்லு."

டில்லி எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். "முன்னாடி நீ நெல கொள்ளாத, கோவக்கார ஆளா இருந்தியாம். இப்ப ஆறு வாரத்துல நல்லாயிட்டியாம். அத நீயே ஒத்துக்கறியாம். அவ்ளோதான் மாமு, போடு கையெழுத்த. போட்டுட்டு மேல ஏறு."

"போடுண்ணே" என்றார்கள் நாலைந்து பேர்.

"போட மாட்டேன்" என்றார் ஏழுமலை.

மேடம் சிரித்த முகம் மாறாமல், "ஏன் ஏழுமலை?" என்றார்.

"இல்லாத சீக்கு நல்லாயிட்ச்சின்னு நான் எப்டி மேடம் கையெழுத்து போடுவேன்? நாளைக்கு இன்னோர் தபா வந்திட்ச்சின்னு எறக்க மாட்டீங்களா?"

"இது ஒரு சம்பிரதாயம்தான். படிவத்தை முடிக்கணும்."

"எனுக்கு கேபின் வேணும் மேடம். ஆனா இதுல போட மாட்டேன்."

"கையெழுத்து இல்லாம நான் மேல அனுப்ப முடியாது ஏழுமலை. இன்னைக்கோட ஆறு வாரம் முடியுது."

அப்போதுதான் அது நடந்தது. ஆறு வாரமாக உள்ளே சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "இன்னா மேடம் இது கலீஜ் வேல! பதினோரு வருசம் ஒரு பொட்டி கீழ வுட்டதில்ல நானு! எவன்டா பாத்தீங்க நான் கோவப்பட்டத? எவன்டா எழுதினது?" மேசையை ஓங்கி ஒரு குத்து. மைசூர் பாகு டப்பா கீழே விழுந்தது. டில்லிகூட வாயை மூடிக்கொண்டான்.

மேடம் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். மடியில் இருந்த டேப்லெட்டை எடுத்துத் திறந்தார். எனக்கு அந்தத் திரை தெரிந்தது. அதில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவர் விரல் அதன் மேல் போய் நின்றது.

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். எனக்கு இருந்தது அந்த விரல் கீழே இறங்கும் நேரம் மட்டும்தான். நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏழுமலையைப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் நான் சும்மா எழுதிய சொல்லுக்கு அவர் இப்போது கச்சிதமாகப் பொருந்தி நின்றார். என் சொல்தான் அவரை அப்படி ஆக்கியிருந்தது. இன்னும் ஒரு நொடியில் அது உண்மையாகவே பதிவாகிவிடும். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாது.

"மேடம், எழுதாதீங்க" என்றேன். எழுந்து நின்றேன். "அதை எழுதினது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். கஸ்தூரியும்.

"அந்த மாசம் அஞ்சு பேருக்கும் ஒரே நிலைமை மேடம். டிரெய்லர் வந்த அளவுக்குத் தூக்கினாங்க. ஒரே வார்த்தையை அஞ்சு தடவை எழுதினா நல்லா இல்லைன்னு, அதே அர்த்தம் வர்ற வார்த்தைகளா மாத்தி மாத்தி எழுதினேன்."

"அப்போ டில்லிபாபுவுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லை மேடம். டில்லி ஒண்ணாம் நம்பர் கிரேன். ஏழுமலை அஞ்சாம் நம்பர்."

"இந்த ஆறு வார முன்னேற்றம்?"

"அதே அஞ்சு வார்த்தைகள்தான் மேடம். கடைசியிலேர்ந்து முதலுக்குத் திரும்பி வந்தேன்."

மாற்றி எழுதச் சொன்னது மேனேஜர் என்பதை நான் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தது என் கை. அவர் சாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

பின்னாலிருந்து டில்லியின் குரல் வந்தது, நிஜமான வருத்தத்தோடு: "அப்ப நான் பச்ச இல்லியா சார்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி என் பக்கத்தில் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு நீங்க அங்கதான் இருந்தீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கூடையைத் தூக்கி என் தலையில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடத்துக்கு வேறு சிக்கல். இந்தப் பயிற்சியின் வெற்றியை அவர் மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. படிவத்தில் 'ஒன்றுமே இல்லை' என்பதற்குக் கட்டம் கிடையாது. ஃபைலை மூட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நிலைகொள்ளாதவராக இருந்தாக வேண்டும். ஷெட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"என் பேரைப் போடுங்க மேடம். ஆள் மாறிப் பதிவாயிடுச்சுன்னு எழுதுங்க. ஆறு வாரமும் நானே உட்காருறேன்."

"உங்க சர்வீஸ் ரெக்கார்டில் இது இருக்கும். ரிட்டயர் ஆகப்போற நேரம்."

"இருக்கட்டும் மேடம். எழுதினவன் நான்தானே."

அவர் டேப்லெட்டைத் திறந்தார். "எந்த நிறம் போடட்டும்?"

"சிவப்பே போடுங்க."

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஏழுமலை ஐந்தாம் எண் கிரேனின் ஏணியில் கால் வைத்தார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஏறுவதற்கு முன் நின்று கேட்டார். "சார், அந்த மாசம் அஞ்சாம் நம்பர்ல நான் இல்லாம டில்லி இருந்திருந்தா?"

"அவனுக்கு விழுந்திருக்கும்."

"அவனுக்கு கரெக்டா இருந்திருக்கும் சார்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஏறிப் போனார்.

திங்கள்கிழமையிலிருந்து நான் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். லாக்கரில் இருந்த என் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். கேன்டீனில் எனக்குப் பேப்பர் கப் வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே தவறான கிழமையைச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. என்னைப் பற்றி வாராவாரம் யாராவது அவதானிப்பு அறிக்கை எழுத வேண்டும். நானே என்னைப் பற்றி எழுத முடியாது. மேனேஜர் எழுத மறுத்துவிட்டார், காரணம் எனக்குப் புரிந்தது. பாதிக்கப்பட்டவர் எழுதுவதுதான் நியாயம் என்று மேடம் முடிவு செய்தார். ஏழுமலை.

அவர் வெள்ளிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து இறங்கி வந்து, என் மேசைக்கு எதிரே நின்றபடியே எழுதுவார். என்னை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். பிறகு அந்தக் கட்டத்தில் எழுத்து எழுத்தாக எழுதி, தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முதல் வாரம் பிரித்துப் பார்த்தேன். 'அப்டியே கீறாரு.' இரண்டாவது வாரமும் அதுவே. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. தலைமை அலுவலகத்தில் அதை எந்த நிறத்தில் போடுவது என்று தெரியாமல் கட்டத்தை வெள்ளையாகவே விட்டிருந்தார்கள்.

ஆறாவது வெள்ளிக்கிழமை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏழுமலை, கடைசி வாரம். ஏதாவது வேற வார்த்தை போடலாமே?"

அவர் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீங்க மாறினா மாத்தி எழுதறேன் சார்."